பரண்மேல் ஓடும் மடிக்கணினி

“பழைய லேப்டாப், பழைய டிவி, பழைய பேட்டரி, ஈயம், பித்தளை...” என்று பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டபடி ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. அனுப்பம்பட்டில் மத்தியான நேரத்தில் ரயில் சத்தத்துக்கு அடுத்தபடி காதில் விழுவது இந்த மாதிரிக் குரல்கள்தான். பீரோவின் அடித்தட்டில் மகளுடைய பழைய மடிக்கணினி கிடப்பது நினைவுக்கு வந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கூடவே அந்துருண்டை வாசமும் வந்தது. வண்டிக்காரர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். திண்ணையில் உட்கார்ந்திருந்த தங்கை மகன் எழுந்து வந்தான்.

“பெரியம்மா, இத ஏன் குடுக்குறீங்க? அக்காவோட கவர்மென்ட் லேப்டாப்தான? சார்ஜர் போட்டா ஓடும்.”

ஓடியது. வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

மூடியில் அரசு முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிவைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். மகளுக்குக் கிடைத்த நாளில் அதைத் துப்பட்டாவால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்தாள். பெட்டியில் மீன்கூடை வைத்திருந்த பெண்கள் தண்ணீர் படாமல் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்களாம். அதுவரை எங்கள் குடும்பத்தில் கணினி என்ற பொருளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை. அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த முதல் தொகுதி மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. அது ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

மடிக்கணினி கிடந்த அதே தட்டில், அதற்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் அந்துருண்டையை மீறிக்கொண்டு வேறொரு வாசம் வந்தது. ஈரமும் பிளாஸ்டிக்கும் பூஞ்சையும் கலந்த வாசம். உள்ளே ஆடியோ கேசட்டுகள், இரண்டு பெரிய வீடியோ கேசட்டுகள். ஒன்றின் முதுகில் நீல மையில் தங்கையின் பெயரும் அவள் கணவர் பெயரும். அதன் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் குரல் இருக்கும் ஒரே இடம் அந்த டின்தான்.

நான் பிறந்தது கோட்டைக்குப்பம் பக்கம். அப்பா ஏரியில் பாடு முறையில் மீன்பிடித்தவர். எந்த வலைக்காரருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிக்கும் ‘பாடு’ ஒழுங்கு பழவேற்காட்டு ஏரியில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த முறைகளை அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். இறால் நன்றாகக் கிடைத்த வருடம், சித்தப்பா வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார். முதல் விடுமுறையில் அவர் கொண்டுவந்தது ஒரு டேப்ரெக்கார்டர். கடிதம் எழுத ஆள் தேடி அலைந்த வீடுகளில் அன்றைக்குக் கேசட்தான் கடிதம். இங்கே ஒரு பக்கம் நாங்கள் பேசுவோம். விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து மறுபக்கத்தில் சித்தப்பா பேசி வரும். பாட்டி மைக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அப்பா பேசமாட்டார். “நீ பாடுறத அனுப்பினா தம்பி சந்தோசப்படுவான்” என்று பாட்டி சொன்னதும், வலை இழுக்கும்போது பாடும் அம்பா ஒன்றைத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். பின்னணியில் ஆடு கத்துவதும் அம்மா பாத்திரம் கழுவுவதும் கேட்கும்.

வீடியோ வந்தது அதற்குப் பின்னால். கல்யாண கேசட் கையில் வந்த வாரம், பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். சைக்கிள் கேரியரில் டெக்கைக் கட்டி ஒருவர் தள்ளிவர, டிவியை இன்னொருவர் தோளில் சுமந்துவருவார். வாடகை ஒரு ராத்திரிக்கு. விடிவதற்குள் மூன்று படமாவது பார்த்துவிட வேண்டும், ஆனால் முதலில் கல்யாண கேசட்தான். தெருவே வந்து மணலில் பாய் விரித்து உட்காரும். தன் முகம் வரும்போது ஒவ்வொருவரும் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொள்வதும், அடுத்த நொடியே ‘திருப்பிப் போடு’ என்று கேட்பதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

புகைப்படங்களுக்கு வேறு வழக்கம் இருந்தது. கல்யாணப் படம் எடுத்தால் பெண்வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று, பெரியப்பா வீட்டுக்கு ஒன்று என்று பிரதி போட்டுக் கொடுப்பார்கள். சட்டம் போட்டு மாட்டாவிட்டால் உறவு கோபித்துக்கொள்ளும். அது மரியாதைக்காகச் செய்தது. ஆனால் அதற்குள் எவ்வளவு பெரிய பாதுகாப்பு இருந்தது என்பதை 2004 டிசம்பர் காட்டியது. கடற்கரைக் குப்பத்தில் இருந்த சித்தி வீட்டுக்குள் சுனாமித் தண்ணீர் புகுந்து டிரங்குப் பெட்டியோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. மனிதர்கள் பிழைத்தார்கள். சில மாதம் கழித்து சித்தி வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: “எங்க மாமியாரோட முகம் எங்கயாவது இருக்குமா?” மீஞ்சூரில் ஒரு தூரத்து உறவினர் வீட்டுச் சுவரில் இருந்தது. கழற்றிக்கொண்டு போய் ஸ்டுடியோவில் பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

இப்போது யார் யாருக்குப் பிரதி போட்டுக் கொடுக்கிறார்கள்? எல்லாம் போனில் இருக்கிறது. என் தம்பி ஏரியில் ஃபைபர் போட்டிலிருந்து வலையை இழுக்கும்போது சட்டைப்பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது. மகன் தவழ்ந்ததும் நடந்ததும் அதோடு போயின. கூகுள் போட்டோஸில் கணக்குப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டிருந்த வசதியும் 2021 ஜூன் முதல் நின்றது. மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜிபி. அதற்குமேல் மாதம்தோறும் பணம். ஏரியில் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வீடுகளில் மாதச் சந்தா என்பது முதலில் நிற்கும் செலவு. அதனால்தான், ஒருமுறை செலவு செய்தால் வீட்டிலேயே நிற்கிற ஏற்பாடு எனக்கு வேண்டியிருந்தது. மகளுடைய பழைய மடிக்கணினியையே வீட்டுச் சர்வராக்க முடிவு செய்தேன்.

எனக்குக் கணினிப் படிப்பு கிடையாது. தமிழில் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் ‘கணியம்’ இதழ் இல்லாவிட்டால் கட்டளைவரி என்ற கறுப்புத் திரையைப் பார்த்ததும் மூடிவைத்திருப்பேன். சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் அடுக்கடுக்கான இயந்திரங்களும்தான் மனதில் வரும். உண்மையில், மற்ற கருவிகள் கேட்கும்போது கோப்பை எடுத்துக் கொடுக்கிற எந்தக் கணினியும் சர்வர்தான். பாட்டும் படமும் கொடுக்க அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. பழைய மடிக்கணினியில் நம் ஊருக்கென்றே செய்ததுபோல ஒரு வசதியும் இருக்கிறது. அதற்குள்ளேயே பேட்டரி உண்டு. கரண்ட் போனால் மேசைக் கணினி பட்டென்று நின்று கோப்புகள் கெடும். மடிக்கணினி தாக்குப்பிடிக்கும். அமைத்துவைத்தால், பேட்டரி தீரப்போகும்போது தானே முறையாக அணைந்துகொள்ளும். தனியாக யுபிஎஸ் வாங்க வேண்டியதில்லை.

தங்கை மகனும் நானும் ரிச்சி தெருவுக்குப் போனோம். சென்ட்ரலில் இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக நடந்தால் அண்ணா சாலையை ஒட்டி அந்தக் குறுகலான தெருக்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் எப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்களோ அப்படி இருந்தது. எங்கள் பட்டியல் சின்னது. அந்த மாடலுக்குப் பொருந்தும் புது பேட்டரி, பழசில் ஒரு 2 ஜிபி ராம், இயங்குதளத்துக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி, வெளியே செருகும் 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு, லேன் கேபிள், கேசட்டைப் பதிவு செய்ய யுஎஸ்பி கேப்சர் கருவி. செலவில் பெரும்பகுதி ஹார்டு டிஸ்குகளுக்குத்தான். அதில் கைவைக்கக் கூடாது என்பது என் கருத்து. மற்ற எதையும் பழசாக வாங்கலாம், நினைவுகளைச் சேர்க்கும் டிஸ்க்கைப் பழசாக வாங்கக் கூடாது.

கடைக்கார இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: “ரெண்டு டிஸ்க்கையும் ரெய்டுல போட்டுடுங்கம்மா. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்.” ரெய்டு என்பது 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவிய முறை. அவர் சொன்ன வகை, இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது, அது உண்மை. ஆனால் பேரக்குழந்தை தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். இடி இறங்கினால் இரண்டும் கருகும். வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும். ஏரிக்கரைக்காரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது டிஸ்க் எப்போதும் செருகியிருக்கக் கூடாது, இந்த வீட்டிலும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் ஏற்றினோம். மூடியை மூடினாலும் தூங்கிவிடாமலிருக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். ரூட்டரில் இந்தக் கணினிக்கு மாறாத ஒரு முகவரி கொடுத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிவி அதைத் தினமும் தேடும். படமும் பாட்டும் பார்க்க ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, அதிலிருந்து பிரிந்து தன்னார்வலர்கள் வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. இந்தப் பழைய செயலியால் ஒரு வீடியோவை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, திணறிவிடும். அதனால் டிவிக்கு நேராகப் புரியும் எச்.264 வடிவத்திலேயே எல்லாவற்றையும் சேமித்துவைத்தால் போதும். அப்போது சர்வருக்கு வேலை கோப்பை நகர்த்துவது மட்டுமே. ராத்திரியில் வீட்டுப் போன்களின் படங்கள் தானாக வந்து சேர சிங்க்திங். வெளியூரிலிருந்து யாராவது கேட்டால் காட்டலாம் என்ற ஆசையில் இதை வெளி இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். புதிதாகக் கற்பவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

கேசட்டுகளை ஏற்றுவதுதான் உண்மையான வேலை. பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை டெக்கின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும் என்று படித்திருந்தேன். திருகுகளைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் சுருளைத் துடைத்து, வெயில் படாத காற்றில் உலர்த்தினோம். டெக் ஒன்று பொன்னேரியில் பழைய ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது, பெரிய மனதோடு கொடுத்தார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிள் மூன்றையும் கேப்சர் கருவியில் செருகி, ஓடவிட வேண்டியதுதான். இதில் அவசரம் செல்லாது. அட்டையில் இ-180 என்று போட்டிருந்தால் அது மூன்று மணி நேரம், ஏற்றவும் அதே மூன்று மணி நேரம்.

தங்கை கல்யாண கேசட் அப்படித்தான் முழுதாக ஓடியது. தொடக்கத்தில் இதய வடிவமும் ரோஜாப்பூவும் சுழல்கிற கிராஃபிக்ஸ். பிறகு மணப்பெண் ஜடை அலங்காரம், நாதஸ்வரம், தாலி. இவையெல்லாம் ஆல்பத்திலும் இருக்கின்றன. அதற்குப் பிறகு வந்த பகுதியை அந்தக் காலத்தில் ‘ஓட்டு, ஓட்டு’ என்று எல்லாரும் கத்தி வேகமாக நகர்த்துவோம். மொய் எழுதும் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள். பந்தியில் வரிசையாகச் சாப்பிடுகிறவர்கள். லைட் பிடிக்கிற பையனின் ஹாலஜன் வெளிச்சம் கண்ணில் பட்டுக் கையால் மறைக்கிறவர்கள். அவர்களில் பலருக்கு வேறெங்கும் ஒரு படம்கூடக் கிடையாது. வலை பின்னித் தந்த ஆயா, இறால் கூடை சுமந்து பொன்னேரிச் சந்தைக்கு நடந்த பெரியம்மா, சின்ன வயதிலேயே கடலுக்குப் போய்த் திரும்பாத பக்கத்து வீட்டு அண்ணன், எல்லாரும் வாழையிலைக்கு முன் உட்கார்ந்து சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அண்ணன் அப்பளத்தை நொறுக்கி, பக்கத்திலிருந்த குழந்தையின் இலையில் பாதி போட்டார். அவர் வீட்டில் அதைக் காட்டினோம். அவருடைய அக்கா டிவித் திரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தையே மறுபடி போடச் சொன்னார். போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். கல்யாண வீடியோவில் மணமக்களைவிடப் பந்திதான் முக்கியம் என்று இப்போது எந்த வீடியோக்காரரிடமும் சொல்லுவேன்.

அப்பாவின் கேசட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். டேப் அறுந்துவிடுமோ என்ற பயம். முழுதாக ஓடியது. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து டிவியில் போட்டேன். செருமல் சத்தம் கேட்டதுமே அம்மா நிமிர்ந்தாள். பாட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், “அன்னிக்குக் கெளுத்திக் குழம்பு வச்சேன். அந்தச் சட்டியத்தான் கழுவிக்கிட்டிருக்கேன்” என்றாள். அப்பா பாடு முறைகளை எழுதிவைத்த நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவைத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மீஞ்சூர், பொன்னேரி சுற்றுவட்டாரமெல்லாம் தண்ணீரும் இருட்டுமாகக் கிடந்த நாட்கள். மடிக்கணினி தானே அணைந்துகொண்டது. அதை முன்பே பரண்மேல் வைத்திருந்ததால் தண்ணீர் எட்டவில்லை. ஆனாலும் அந்த இருட்டில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது டிஸ்க் அப்போது பொன்னேரியில் உறவினர் வீட்டில் இருந்தது. ஆரணியாறு பெருகினால் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரே நாளில்தான் தண்ணீர் வரும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வெளியூரில் என்று புகைப்படக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு. வெளியூர் என்றால் நம் ஊர் ஆபத்து எட்டாத ஊர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் என்றைக்கும் திரும்பவில்லை. அந்த இழப்புக்குப் பிறகு, ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு அதன் பிஸ்கட் டின்னும் ஒரு நூலகம்தான். இப்போது எங்கள் இரண்டாவது டிஸ்க் கோயம்புத்தூரில் மகள் வீட்டில். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருவாள். ஆர்சிங்க் கட்டளையை ஓடவிட்டால் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் ஏறும். அங்கங்கே சில கோப்புகளைத் திறந்து, படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவேன். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

ஏரிப் பக்கத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. யுஎஸ்பி முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், விசிறி சீக்கிரம் தேயும். டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை அப்படி மூடக் கூடாது, சூட்டில் கெடும். அதைச் சன்னலுக்கு எதிர்ப்புறம், தூசு இல்லாத இடத்தில் வைத்தால் போதும். பேட்டரி உப்புகிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள், உப்பினால் உடனே கழற்றிவிடுங்கள். மின்செலவுக்குப் பயப்பட வேண்டாம். எங்களுடையது ஏறத்தாழ 15 வாட் இழுக்கிறது. நாள் முழுதும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள்தான். இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பதால் சின்னக் குடும்பங்களில் பில்லில் தெரிவதுகூட இல்லை.

ஆனால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். சர்வரை அடுத்த வருடம்கூட அமைக்கலாம், கேசட் காத்திருக்காது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு உலகத்தில் புது வீடியோ டெக் தயாரிப்பே முடிந்துபோனது. இருக்கிற டெக்குகளும் தேய்ந்துகொண்டிருக்கின்றன, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். உங்கள் பீரோவில் கேசட் இருந்தால் ஐப்பசி மழை தொடங்குமுன் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் துடையுங்கள், டெக் வைத்திருப்பவர் யார் என்று ஊரில் விசாரியுங்கள். ஏற்றி முடித்ததும் முதல் பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.